ஒத்து ஊதுவது லேசான வேலையா?

எனக்குச் சொந்த ஊர் மாஞ்சோலை. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவன். மலை இறங்கிப் பொறியியல் படிக்கப் போன இடத்தில், பாண்டு குழுவில் என் கைக்கு வந்தது டிராம்போன்.

ஒரு போட்டிக்கு 'கஷ்டமான உருப்படி' வேணும்னு ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டு பறக்கும் இசையை எடுத்தோம். 1900-இல் மேடையேறிய ஓர் ஆப்பெராவில் வரும் துணுக்கு அது. அரைச்சுரம் அரைச்சுரமாக விழுந்தடித்து ஓடும். டிராம்போனில் ஏழு நிலைகளுக்குள் குழாயை நீட்டி, இழுத்துத்தான் சுரம் பிடிக்கணும். எப்படியோ ஓடி முடித்தோம், கைதட்டலும் கிடைத்தது. ஆனால் கடைசியில் சேர்ந்து நின்ற ஒரே சுரத்தில் ஆளுக்கொரு சுருதி. அதுவரை வேகம் அதை மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

இன்று என்னைக் கேட்டால் பீத்தோவனின் மூன்று 'ஈக்வாலே'க்களைச் சொல்வேன். 1812-இல் லின்ஸ் நகர தேவாலய இசைத் தலைவர் கேட்டதற்காக, கல்லறைத் திருநாளுக்கு எழுதிக் கொடுத்தது. நாலே டிராம்போன், எல்லாம் மெதுநடை. 1827-இல் அவருடைய இறுதி ஊர்வலத்திலும் இதில் இரண்டு ஒலித்தன. தாளைப் பார்த்தால் 'இதுவா கஷ்டம்?' என்று தோன்றும். வாசித்துப் பாருங்கள்.

இரண்டாவது துண்டு டி மேஜரில் இருக்கிறது. அதன் கார்டு நம்ம கணக்கில் ஸ-க-ப. பியானோவில் அந்தக் காந்தாரம் ஆதாரத்திலிருந்து 400 சென்ட் தள்ளி இருக்கும். சுத்தமாக இழையும் இடமோ சுமார் 386. அதாவது ட்யூனர் ஆப்பில் நாலு பேருக்கும் பச்சை விளக்கு எரிந்தாலும் கார்டு கரகரக்கும். காந்தாரம் வாசிப்பவர் குழாயை ஏறக்குறைய ஒரு விரல் அகலம் நீட்டினால்தான் சேரும். எவ்வளவு என்பதை ஆப் சொல்லாது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால்தான் தெரியும்.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்துக்காரர் என்று ஒருவர் இருப்பார். மூச்சு விடும் இடம் தெரியாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டே இருப்பது அவர் வேலை. இப்போது அந்த இடத்தில் சுருதிப் பெட்டி. நாமோ ஜால்ரா போடுகிறவனை 'ஒத்து ஊதுறான்' என்று திட்டுகிறோம். உண்மையில் ஒத்து நழுவினால் மேளம் முழுக்க நழுவிவிடும்.

ஒரு குறையையும் சொல்லணும். பன்னிரண்டு பேர் உள்ள கல்லூரிக் குழுவுக்கு நாலு குரல் போதாது. ஒரு குரலுக்கு மூணு பேர் சேர்ந்தால் ஒலி கனத்துவிடும். விரைவுப் பயிற்சியும் இதில் கிடைக்காது. அதற்கு வண்டே சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் குழுவின் பலவீனம் வேகம் அல்ல, ஒருவரை ஒருவர் கேட்காததுதான். அந்தப் பலவீனத்தை மறைக்கிற உருப்படியைத் தேடி எடுத்து, அதற்குச் 'சவால்' என்று பெயர் வைத்தோம்.

உருப்படி தேர்ந்தெடுக்கும் தம்பி தங்கைகளுக்கு: எதை வாசித்தால் உங்கள் குறை பளிச்சென்று தெரியுமோ, அதை முதலில் எடுங்கள்.