குடிவழி வரலாறும் பெயர் எழுதப்படாதோரும்
புசல்லாவை மலையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கண்டியிலிருந்து கம்பளையூடாக நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியிலே, புசல்லாவையை அண்மித்துள்ள தோட்டமொன்று இன்றும் றொத்ஸ்சைல்ட் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரிற் பிறந்த வேர்ம்ஸ் சகோதரர்களான கேப்ரியலும் மொரிசும் 1840களின் தொடக்கத்தில் இங்கு வந்து காடழித்துக் கோப்பி பயிரிட்டனர். மொரிஸ் வேர்ம்ஸ் சீனத்துத் தேயிலைச் செடிகளையும் இம்மலையில் நாட்டிப் பார்த்தார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் தேயிலையை வணிகப் பயிராக்குவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முந்திய செய்தி இது.

இச்சகோதரர்களின் குடிவழியை அறிய விரும்பும் ஆய்வாளருக்குச் சிரமம் அதிகமில்லை. தாயார் ஜெனெற், மாயர் அம்ஷெல் றொத்ஸ்சைல்டின் மூத்த மகள். தந்தையார் பெனெடிக்ற் மோசஸ் வேர்ம்ஸ். தாய்வழியிற் பின்னோக்கிச் செல்வோர், பிராங்பேர்ட் யூதத் தெருவிற் செந்நிறக் கேடயம் அடையாளமாயிருந்த ஒரு வீட்டை, பதினாறாம் நூற்றாண்டு வரையிலே சென்றடைகின்றனர். அவ்வீட்டின் பெயரே குடும்பத்தின் பெயராயிற்று. குடும்பத்தின் பெயர் பின்னர் புசல்லாவை மலையொன்றின் பெயராயிற்று.

இதனைச் செல்வத்தின் விளைவென மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மதிலும் வாயிலும் அமைத்து அடைத்து வைக்கப்பட்டிருந்த தெரு அது. அங்கு வாழ்ந்தோரின் வீடும் திருமணமும் வரியும் நகர ஆட்சியினராற் கண்காணிக்கப்பட்டன. ஒடுக்கும் நோக்குடன் எழுதப்பட்ட ஏடும், சமூகம் தானே பேணிய ஏடும், கல்லறை வாசகமும் ஒன்றையொன்று நிரப்பியமையாலேயே அக்குடிவழி எஞ்சியது. ஆவணம் எந்நோக்கத்துக்காக எழுதப்பட்டது என்ற வினாவை எழுப்பாத குடிவழி ஆய்வு, பெயர்களை அடுக்கும் பொழுதுபோக்காகவே முடியும்.

நம் நாட்டிலேயே இதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. 1908இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் ஆண்டுதோறும் குடும்ப வழிமரங்களை வெளியிட்டது. அவற்றின் மூதாதையர் பலர் ஒல்லாந்தரேயல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியிற் படைவீரராகச் சேர்ந்து வந்த ஜேர்மானியர். பெரும்பாலோர் சாதாரண ஏழைகள். எனினும் கம்பெனியின் சம்பள ஏடும் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவும் அவர்தம் பெயரைக் காத்தன. அவ்வழிமரங்களிலே 'வந்த ஆண் மூதாதை' தடித்த எழுத்தில் நிற்பார். அவர் மணந்த உள்ளூர்ப் பெண்ணின் தாய்வீடு பற்றிப் பெரும்பாலும் பேச்சில்லை. இது குறித்து மீண்டும் பேச வேண்டியுள்ளது.

அதே புசல்லாவை மலையிற் கோப்பிக்குழி வெட்டியவர் யாவர்? தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தவர்கள் என்பது அனைவரும் அறிந்ததே. வழியில் வாந்திபேதிக்கு இரையானோர் ஏராளம். கண்டி நகரிலே தலதா மாளிகைக்கு அருகிலுள்ள பழைய காவற்படை மயானத்திற் கொலராவாலும் காய்ச்சலாலும் இறந்த ஆங்கிலேயரின் பெயரும் வயதும் கல்லில் உள. மகியாவை மயானத்தில் டெய்லரின் கல்லறை உண்டு. 1892இல் அவருடைய உடலைத் தோட்டத்திலிருந்து கண்டி வரை முறைமாற்றித் தோளிற் சுமந்து வந்த தொழிலாளர் தொகையளவில் மட்டுமே வரலாற்றுக்குள் வந்துள்ளனர்.

தொழிலாளரின் பெயர் எங்குமே எழுதப்படவில்லை என்று கூறினால் அது மிகையாகும். எழுதப்பட்டது, ஆனால் கடனாகவும் உழைப்பாகவும் எழுதப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்பவர் கொண்டு சென்ற 'துண்டு', கங்காணிக்குழுவின் கடனைக் கூறியது. 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை அதுவே அவர்தம் அடையாளம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தோருக்குத் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரவில்லை வழங்கப்பட்டது. பெரட்டுக்களத்தில் நாள்தோறும் செக்றோலிற் பதியப்பட்டது 'பேர்'. தோட்டத் தமிழிலே 'பேர்' என்பதற்கு ஒருநாட் கூலி என்றே பொருள். அரைநாள் வேலை செய்தவருக்கு 'அரைப்பேர்'. பெயர் என்ற சொல்லே கூலியின் அலகாக மாறிய ஒரு சமூகத்திடம், உன் பாட்டன் பெயரென்ன, அவன் எங்கு பிறந்தான் என்று பின்னாளிற் கேட்கப்பட்டது.

கேட்டது ஆய்வாளரல்லர், அரசு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடமும் தந்தை இங்கு பிறந்தமைக்கு, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. பிறப்புப் பதிவு இந்நாட்டிற் செம்மையாகத் தொடங்கியதே 1860களிலேதான். பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் காட்டும்படி கேட்டால் சிங்களக் குடியானவர் பலரும் திகைத்திருப்பர். அவரிடம் எவரும் கேட்கவில்லை. 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. குடிவழி மரம் அறியாமையின் விலை நாடற்ற நிலையாயிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என வகுத்தபோது, வழிமரத்தின் கிளைகளே அறுந்தன. அண்ணன் ஒரு கடவுச்சீட்டு, தங்கை ஒரு கடவுச்சீட்டு. தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருப்பு நீண்டது.

ஆராய்ச்சியுலகும் இவ்விடயத்திற் குற்றமற்றதன்று. கோப்பிக்காலத் தொழிலாளர் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பியோர் என்ற கருத்து நெடுங்காலம் ஐயமின்றி ஏற்கப்பட்டது. வந்துபோவோன் என்னும் படிமம் யாருக்கு உதவிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை. கோப்பிக் காலத்திலேயே நிலையாகக் குடியமர்ந்தோர் கணிசமாக இருந்தனர் என்று பற்றிக் பீபிள்ஸ் 2001இல் வெளியிட்ட நூலில் வாதிட்டமை இவ்வகையிற் பெறுமதி வாய்ந்தது.

ஏடு மௌனிக்குமிடத்தில் இலக்கியம் என்ன செய்தது? கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) ஒரு பெண்ணின் வாழ்வைப் பற்றிக்கொண்டு தோட்டத்துள் நுழைந்தது. அந்நாவலின் நடை பற்றியும் உணர்ச்சி மிகை பற்றியும் குறை கூறலாம். ஆயினும் சட்டம் தந்தைவழியை மட்டுமே வழியென்று கொண்ட காலத்திற் பெண்ணை மையமாக்கிய துணிவை நம் விமரிசகர் போதியளவு உணரவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' (1983) இன்னும் ஆழமான சான்று. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் மாமனும் அண்ணனும் பிறந்த ஊரும் வருகின்றமை, பாடிய பெண்களே இச்சமூகத்தின் பதிவாளராயிருந்தமையைக் காட்டுகின்றது. அவற்றை 'நாட்டாரியல் அழகு' என்று இரசிப்பதோடு நின்றுவிட்டோம், சாட்சியமாகப் படிக்கவில்லை.

2023இல் மலையகத்தின் இருநூறாண்டு நினைவுகூரப்பட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி நிகழ்ந்ததையடுத்துக் குடும்ப வரலாறு எழுதும் ஆர்வம் பெருகியுள்ளது. வரவேற்கத்தக்கதே. எனினும் இத்தகைய எழுத்துக்களிற் பழகிப்போன ஓர் அமைப்பு உண்டு. ஊரிலிருந்து ஆள் கட்டி வந்த பெரிய கங்காணியிடம் தொடங்கி, அவர் கட்டிய கோயிலைக் கூறி, மகன், பேரன் என இறங்குவது அது. பறங்கியர் வழிமரத்தின் அச்சே இது. கங்காணி வீட்டிற் கணக்கேடு இருந்தது, ஊரில் நிலம் இருந்தது, ஆதலால் நினைவும் இருந்தது. அவர் கொணர்ந்த நூறு பேருக்கு அவை இல்லை. மேலும் பூர்வீக ஊரைத் தேடிச் செல்லும் பயணம் சில வேளைகளிற் சாதியைத் தேடிச் செல்லும் பயணமாகவும் முடிகின்றது. சாதிப் பெயரைத் தோட்டத்தில் மறக்க முயன்ற குடும்பத்துக்கு ஊர்ப்பெயர் தெரியாமற் போனமை இழப்பு மட்டுமே என்று யாரும் அறுதியிட்டுக் கூறிவிட முடியாது. மறதியும் சில இடங்களில் விரும்பிச் செய்யப்பட்டதே.

எனவே ஊரைக் கண்டுபிடிப்பதே குடிவழி ஆய்வின் வெற்றி என்னும் அளவுகோலைக் கைவிடலாம். லயத்துக் காம்பிராவிலிருந்து தொடங்கினால் என்ன? யார் எந்தக் காம்பிராவில் இருந்தார், எந்தத் தோட்டத்திலிருந்து பெண் வந்தாள், எவர் கோச்சியேறினார் என்று தாய்வழியும் சேர்த்துக் கேட்கும் முறை, இறந்தோருக்கு நூறாண்டும் வாழ்வோருக்கு ஒரு வரலாறும் தரும்.

இதற்குரிய ஏடுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. கம்பெனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையானபோதும், 1992இல் முகாமை மீண்டும் தனியார் கைக்குச் சென்றபோதும் எவரும் பழைய செக்றோல்களை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. தேயிலை ஆலையின் மூலையிற் கறையான் தின்னும் அத்தகைய ஏட்டிற் பெண்ணொருத்தியின் பெயருக்கு எதிரே முழுப்பேர் தொடர்ந்து விழுந்து, பின்பு அரைப்பேராகிச் சில வாரங்கள் வெறுமையாகி, மீண்டும் முழுப்பேராகியிருக்கலாம். அது பிள்ளைப்பேறா, காய்ச்சலா, ஊருக்குப் போய்வந்த காலமா என்பதை ஏடு கூறாது. அந்த லயத்திலுள்ள மூத்த பாட்டியிடம் சென்று கேட்டால், அவ்வாண்டிற் பிறந்தது யாரென்று அவர் கூறக்கூடும்.