மருத்துவக் கல்வியும் 'பொது உடலும்'
மருத்துவ மாணவர்க்குப் பெண்ணின் நலம் பெரும்பாலும் மகப்பேற்றியல், பெண்ணோயியல் என்னும் இரு பிரிவுகளுக்குள் அடக்கியே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. ஏனைய பாடங்களில் ஆணுடலே மனித உடலின் அளவுகோலாயிற்று. இதனை வெறும் பாடப்பகுப்பு என நாம் கொள்வதற்கில்லை. ஐக்கிய அமெரிக்காவில், கருத்தரிக்கக்கூடிய பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கிய 1977ஆம் ஆண்டு வழிகாட்டல் 1993 வரை நிலவியது. பெண்ணுடலிலிருந்து மெதுவாகவே நீங்கும் சொல்பிடெம் என்னும் உறக்க மருந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருபாலார்க்கும் ஒரே அளவில் விதிக்கப்பட்டது. 2013இலேயே பெண்களுக்குரிய அளவு பாதியாக்கப்பட்டது. மறுபுறம், மார்பகப் புற்றுநோயைப் பெண்ணுக்குரியதென்றே கற்ற மருத்துவர், ஆணிடத்து அதனைக் காலந்தாழ்த்தியே இனங்காண்பர். எனவே வேண்டப்படுவது மேலுமொரு தனிப்பாடமன்று. ஒவ்வொரு பாடத்திலும் 'இது எவருடைய உடல்?' என வினவும் பயிற்சியே என்பது நமது துணிபு.