ஃபோர்டு எழுதாத புத்தகங்கள்

ஹென்றி ஃபோர்டின் பெயரில் 1922-ல் வெளிவந்த 'மை லைஃப் அண்ட் ஒர்க்' என்ற சுயசரிதையைச் சமீபத்தில் மறுபடியும் எடுத்துப் படித்தேன். மோட்டார் காரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஓட்டவும் தெரியாது. கதை எழுதுகிறவனுக்கு அந்தப் புத்தகத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். ஃபோர்டு கம்பெனியின் புகழில் பாதி இரும்பு, பாதி காகிதம் என்பது என் அபிப்பிராயம். இரும்பைப் பற்றிச் சொல்ல அது தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காகிதத்தைப் பற்றி நானும் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது.

புத்தகத்தின் முகப்பிலேயே, சாமுவேல் கிரௌதர் என்பவரின் ஒத்துழைப்புடன் எழுதியது என்று போட்டிருக்கிறது. ஒத்துழைப்பு என்பது மரியாதையான வார்த்தை. ஃபோர்டு பேசினார், கிரௌதர் எழுதினார். பெரிய மனிதர்களின் சுயசரிதைகள் பல இப்படித்தான் பிறக்கின்றன. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கிறவன் 'நான்' என்ற சொல் வரும் இடங்களில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. இது யாருடைய நான்?

நல்ல பகுதிகள் இல்லாமல் இல்லை. 1863-ல் டியர்பார்ன் பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்த பையன், பன்னிரண்டு வயதில் சாலையில் தானாக ஓடி வரும் நீராவி எஞ்சினைப் பார்க்கிறான். வண்டியை விட்டுக் குதித்து ஓடி, எஞ்சின்காரரிடம் பேச்சுக் கொடுக்கிறான். இந்த இடம் உயிரோடு இருக்கிறது. இதில் மட்டும் கிரௌதரின் கை குறுக்கே வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அப்புறம் முதல் கார், பிறகு நிலைக்காத கம்பெனிகள், 1903-ல் இன்றுவரை நிற்கும் கம்பெனி, 1908-ல் மாடல் டி. விலை 850 டாலர். 1925 வாக்கில் அது 260 டாலருக்கு இறங்கிவிட்டது. 1927-ல் அதைச் செய்வதை நிறுத்தியபோது ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளியே போயிருந்தன. பணக்காரன் வீட்டுப் பொருளைக் குடியானவன் வீட்டுப் பொருளாக ஆக்கிக் காட்டியது சின்ன விஷயமல்ல. அதை யாரும் மறுக்க முடியாது; நானும் மறுக்கவில்லை.

இந்த விலைக் குறைவின் ரகசியம் 1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் தொடங்கிய ஏற்பாடு. அதுவரை வேலை இருக்கும் இடத்துக்கு ஆள் போவான். இனிமேல் ஆள் நிற்கும் இடத்துக்கு வேலை வரும். ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டுவதற்குப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது. அடுத்த வருஷத்துக்குள் ஒரு மணி முப்பத்து மூன்று நிமிஷத்தில் முடிந்தது. சிகாகோ இறைச்சிக் கூடங்களில், கொன்ற மாட்டைத் தலைக்கு மேலே தொங்கும் தள்ளுவண்டியில் ஆளுக்கு ஆள் நகர்த்தி அறுப்பார்களே, அதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்று புத்தகமே சொல்லுகிறது. அங்கே முழுசாக இருந்ததைத் துண்டு துண்டாக்கினார்கள்; இங்கே துண்டுகளை முழுசாக்கினார்கள். அந்தச் சிகாகோ இறைச்சிக் கூடங்களைப் பற்றி 1906-ல் 'தி ஜங்கிள்' என்ற நாவலை எழுதிய அப்டன் சிங்க்ளேர், முப்பது வருஷம் கழித்து ஃபோர்டைப் பற்றியும் ஒரு நாவல் எழுதினார். அதற்குப் பிறகு வருகிறேன்.

புத்தகத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது ஒரு கணக்கு. தொழிற்சாலையில் 7,882 வகை வேலைகள் இருக்கின்றனவாம். அவற்றில் 949 வேலைகளுக்குத்தான் முழு பலமுள்ள ஆள் வேண்டும். கால்கள் இல்லாதவன் செய்யக்கூடியவை 670. ஒரு கால் உள்ளவனுக்கு 2,637. ஒரு கை உள்ளவனுக்கு 715. கண் தெரியாதவனுக்கு 10. இரண்டு கைகளும் இல்லாதவனுக்கு 2.

இதை இரக்கத்தோடுதான் சொல்லியிருக்கிறார்கள். அங்கஹீனர்களையும் நோயாளிகளையும் வேறு முதலாளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில் ஃபோர்டு ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கொடுத்த அதே சம்பளத்தைக் கொடுத்தார். அது உண்மை. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கால்களோடும் இரண்டு கைகளோடும் வந்த முழு மனிதனிடமிருந்து அந்த வேலை எவ்வளவு கொஞ்சத்தைக் கேட்கிறது என்பதும் அதில் இருக்கிறது. ஒரு நாவலாசிரியன் நூறு பக்கம் எழுதிச் சொல்ல முயல்வதை, சொல்லும் உத்தேசமே இல்லாமல் இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன. பக்கத்திலேயே இன்னொரு ஒப்புதலும் வருகிறது. ஒரே காரியத்தை நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்வது தமக்குப் பயங்கரமாக இருக்கும் என்கிறார் ஃபோர்டு. பெரும்பாலான மனங்களுக்கு அப்படி இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். அந்த மனங்களை அவர் எப்போது கேட்டார் என்று புத்தகத்தில் இல்லை.

அவர்கள் வாயால் பதில் சொல்லவில்லை, காலால் சொன்னார்கள். 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்கு வருஷத்தில் 53,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது என்று அதே புத்தகம் சொல்கிறது. வந்தவன் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தான். அந்தச் சமயத்தில்தான், 1914 ஜனவரி 5-ந் தேதி, நாளைக்கு ஐந்து டாலர் சம்பளம், எட்டு மணி நேர வேலை என்று ஃபோர்டு அறிவித்தார். உலகம் வாயைப் பிளந்தது. ஒரு வாரத்துக்குள் தொழிற்சாலை வாசலில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு முண்டியடித்தார்கள். டெட்ராய்டின் ஜனவரிக் குளிரில் அவர்கள்மேல் தீயணைக்கும் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிக் கலைத்தார்கள். ஐந்து டாலரில் பாதிக்கு மேல் லாபத்தில் பங்கு என்ற கணக்கில் வந்தது. அதைப் பெறுவதற்குத் தொழிலாளி யோக்கியனாக இருக்க வேண்டும். அவன் யோக்கியனா என்று பார்க்கக் கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா, உடன் இருப்பவள் தாலி கட்டிய மனைவிதானா என்று நாம் கேட்போமே, அந்த ரகக் கேள்விகள்.

ஃபோர்டைத் தர்மப்பிரபு என்று பாடியவர்களை விட ஃபோர்டின் புத்தகம் நாணயமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து டாலர் கொடுத்தது தாம் செய்த சிக்கனங்களிலேயே சிறந்த சிக்கனங்களில் ஒன்று என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. தர்மம் என்று அவர் சொல்லவில்லை. பிறர் சொன்னார்கள், அவர் தடுக்கவில்லை.

இனி அவருக்கும் அச்சுக்கும் உள்ள உறவுக்கு வருகிறேன். 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகை தம்மை அராஜகவாதி என்று எழுதியதற்காக அவர் போட்ட மானநஷ்ட வழக்கு 1919-ல் மவுண்ட் கிளமென்ஸ் என்ற ஊரில் நடந்தது. எதிர்க்கட்சி வக்கீல் அவரைக் கூண்டில் நிறுத்திச் சரித்திரப் பரீட்சை வைத்தார். அமெரிக்கப் புரட்சி எப்போது நடந்தது என்றதற்கு 1812 என்றார். பெனடிக்ட் ஆர்னால்டு யார்? அமெரிக்காவில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த துரோகி அவன். அவர் ஒரு எழுத்தாளர் என்று பதில் சொன்னார் ஃபோர்டு. ஏதோ ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டார். வழக்கில் ஜெயம் அவருக்குத்தான். நஷ்டஈடு ஆறு சென்ட். பட்டணத்துப் பத்திரிகைகள் சிரித்தன. கிராமத்து ஜனங்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அந்தத் தேதிகள் தெரியாது. அவர் புகழ் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை.

அதற்குச் சற்று முன்பே அவர் சொந்தமாக ஒரு பத்திரிகை வாங்கியிருந்தார். 'தி டியர்பார்ன் இண்டிபெண்டெண்ட்' என்று பெயர். 1920 மே 22-ந் தேதி தொடங்கி 91 வாரம் இடைவிடாமல் அதில் யூதர்களுக்கு எதிரான கட்டுரைகள் வந்தன. உலகத்தில் நடக்கும் கெடுதல் அத்தனைக்கும் யூதர்களின் சதியே காரணம் என்பது விஷயம். பொய்யாகத் தயாரிக்கப்பட்ட ஒரு ரஷ்யப் பத்திரம் ஆதாரம். கார் விற்கும் ஏஜெண்டுகள் காரோடு சந்தாவும் சேர்க்க வேண்டியிருந்தது. கட்டுரைகளைத் தொகுத்து நாலு புத்தகங்களாகவும் போட்டார்கள். அவை ஜெர்மன் மொழிக்குப் போயின. பதினேழாவது வயதில் அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் யூதத் துவேஷியானேன் என்று 1946-ல் நியூரம்பர்க் கோர்ட்டில் சாட்சி சொன்னார் பால்டுர் ஃபோன் ஷிராக். ஹிட்லரின் இளைஞர் படைக்குத் தலைவராக இருந்தவர் அவர்.

இந்தக் கட்டுரைகளை எழுதியவர்களில் முக்கியமானவர் வில்லியம் கேமரான். ஃபோர்டின் பெயரில் வாராவாரம் வந்த பக்கத்தை எழுதியவரும் அவரே. விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்காக உழைத்த ஆரன் சப்பைரோ என்ற யூத வக்கீல், தம்மைத் தாக்கிய கட்டுரைகளுக்காக ஃபோர்டுமேல் வழக்குத் தொடர்ந்தார். 1927-ல் விசாரணை வந்தபோது கேமரான் சாட்சிக் கூண்டில் ஏறி, அச்சாகுமுன் ஃபோர்டு எதையும் பார்த்ததில்லை, பொறுப்பெல்லாம் என்னுடையது என்று சொல்லிவிட்டார். ஃபோர்டு சாட்சி சொல்ல வரவில்லை. அந்த வருஷமே அவர் பெயரில் ஒரு மன்னிப்பு அறிக்கை வெளிவந்தது: வேலை மிகுதியால் பத்திரிகையில் என்ன வருகிறது என்று தாம் கவனிக்கவில்லை, தெரிந்தபோது அதிர்ச்சி அடைந்தேன் என்ற ரீதியில்.

இங்கேதான் சுயசரிதை விமரிசகனுக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது. 1922-ல் வந்த அந்தப் புத்தகத்திலேயே யூதர்களைப் பற்றிய கட்டுரைகளின் பேச்சு வருகிறது. நாங்கள் செய்த வேலை என்று அதை எடுத்துச் சொல்லி, அதன் நோக்கத்துக்கு நியாயமும் சொல்கிறது 'நான்'. ஐந்து வருஷம் கழித்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறது இன்னொரு 'நான்'. இரண்டின் கீழும் ஒரே பெயர். கட்டுரைகளைக் கேமரான் எழுதினார். சுயசரிதையைக் கிரௌதர் எழுதினார். மன்னிப்பு அறிக்கையின் வாசகத்தை எழுதியவர் லூயி மார்ஷல் என்ற யூதத் தலைவர். அதாவது, யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர்களில் ஒருவர். அதன் கீழே இருந்த கையெழுத்தைக்கூட முதலாளிக்குப் பதில் தாமே போட்டதாக ஃபோர்டின் அந்தரங்க ஆள் ஹாரி பென்னெட் பிற்பாடு எழுதியிருக்கிறார். காரை மட்டுமா, எழுத்தையும் அந்த மனிதர் ஆளுக்கு ஆள் நகரவிட்டுச் செய்து முடித்தார். நல்ல பெயர் தந்த எழுத்து அவருடையதாயிற்று. கெட்ட பெயர் தந்தது வேறொருவனுடையதாயிற்று. பழியை ஏற்றுக்கொண்ட கேமரானுக்கு வேலை போகவில்லை. 1930-களில் கம்பெனியின் ஞாயிற்றுக்கிழமை ரேடியோ நிகழ்ச்சியில் நாடு முழுவதும் கேட்க உபதேசம் செய்துகொண்டிருந்தார். 1938-ல் தம் எழுபத்தைந்தாவது பிறந்த நாளன்று ஹிட்லரின் சர்க்கார் அனுப்பிய பதக்கத்தை ஃபோர்டு வாங்கிக்கொண்டார். அதை வேறு யாரும் அவருக்காக வாங்கவில்லை.

நாவலாசிரியர்கள் இந்த மனிதரை என்ன செய்தார்கள்? ஆல்டஸ் ஹக்ஸ்லி இந்தச் சுயசரிதையைக் கப்பலில் போகும்போது படித்தார்; 1932-ல் 'பிரேவ் நியூ வோர்ல்டு' வந்தது. அதில் ஃபோர்டு கடவுள். மாடல் டி வந்த வருஷத்திலிருந்து சகாப்தம் ஆரம்பமாகிறது. சிலுவையின் தலையை வெட்டி டி ஆக்கிவிட்டார்கள். உலகத்தை ஆளுகிறவரின் மேஜைமேல் 'மை லைஃப் அண்ட் ஒர்க்' வேதப் புத்தகமாகக் கிடக்கிறது. கெட்டிக்காரத்தனமான கிண்டல்தான். ஆனால் கடவுளாகிவிட்டவனிடம் யார் கணக்குக் கேட்பது? ஃபோர்டு அங்கேயும் தப்பித்துக்கொள்கிறார்.

சிங்க்ளேரின் 'தி ஃப்ளிவ்வர் கிங்' 1937-ல் வந்தது. மோட்டார் தொழிலாளர் சங்கத்துக்காக அவசரமாக எழுதிய நாவல். அவசரம் வாக்கியத்துக்கு வாக்கியம் தெரிகிறது. கலை என்று பார்த்தால் சுமார்தான். ஆனாலும் அதில் வரும் ஆப்னர் ஷட் என்ற தொழிலாளியை மறக்க முடியவில்லை. முதலாளியின் முதல் காரைத் தெருவில் பார்த்தவன், பிறகு அவரிடமே ஆயுள் முழுதும் உழைத்தவன். முதலாளியின் பத்திரிகையைப் படிக்கிறான். அச்சில் வந்ததெல்லாம் முதலாளியின் வாக்கு என்று நம்புகிறான். நம்பி, முகமூடிக்காரர்களின் கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தில் போய்ச் சேருகிறான். எழுதியவர் யாரோ, கையெழுத்து யாரோ, நம்பிக் கெட்டவன் இவன். ஹக்ஸ்லிக்குக் கிடைக்காத உண்மை ஒன்று இந்தச் சுமாரான நாவலாசிரியருக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் சிங்க்ளேரைத்தான் வைத்துக்கொள்வேன். நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஜான் டாஸ் பாஸஸ் 1936-ல் எழுதிய 'தி பிக் மணி'யில் சில பக்கங்களே வரும் ஃபோர்டு சித்திரத்தையும் தேடிப் படிக்க வேண்டும். மோட்டாரால் ஒழிந்துபோன பழைய காலத்தைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கப் பார்க்கும் கிழவர் அதில் இருக்கிறார்.

பிற்காலத்துக் கதை சீக்கிரம் சொல்லக்கூடியது. 1937 மே 26-ல் ரிவர் ரூஜ் தொழிற்சாலை வாசலில் சங்கத்துக்காரர்களைக் கம்பெனி ஆட்கள் அடித்தபோது எடுத்த போட்டோக்கள் பத்திரிகைகளில் வந்தன. 1941-ல் கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. 1943-ல் ஒரே மகன் எட்ஸெல் இறந்தார். 1947-ல் கிழவரும் போனார். 1955-ல் வரப்போகும் ஒரு புதுக் காருக்குப் பெயர் வேண்டுமென்று மேரியான் மூர் என்ற பெண் கவிஞருக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் எழுதினார்கள். அந்த அம்மாள் சிரத்தையாக, கற்பனையின் உச்சாணிக் கொம்பில் ஏறி, பெயர் பெயராக அனுப்பினார். ஒன்றுக்கு யுடோப்பியன் டர்டில்டாப் என்று பெயர். நன்றி சொல்லிவிட்டு, காருக்கு எட்ஸெல் என்று இறந்த மகனின் பெயரையே வைத்தார்கள். 1957-ல் வந்த அந்தக் கார் இரண்டு வருஷம்கூடச் சரியாக ஓடவில்லை. நஷ்டம் சுமார் 25 கோடி டாலர் என்பார்கள். ஆமையின் பெயரை வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்குமோ என்னவோ.

ஹென்றி ஃபோர்டு தம் கையாலேயே எழுதியதும் கொஞ்சம் இருக்கிறது. சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னக் குறிப்பு நோட்டுகளில், தோன்றியதை அப்போதைக்கப்போது கிறுக்கி வைக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. டியர்பார்ன் ஆவணக் காப்பகத்தில் அந்த நோட்டுகள் கிடக்கின்றன. சுயசரிதைக்குப் பதிலாக அவற்றைத் திருத்தாமல், யாருடைய ஒத்துழைப்பும் இல்லாமல், எழுத்துப் பிழைகளோடு அப்படியே அச்சிட்டு ஒரு புத்தகமாகக் கொடுத்தால் நான் முதல் பிரதியை வாங்கிக்கொள்வேன்.