யார் காலுக்கு அளந்த நாற்காலி?

நாற்காலி காரணப்பெயர் என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடலாம். இன்று கடையில் அலுவலக நாற்காலி என்று விற்பதற்கோ நடுவில் ஒரே தண்டு, அடியில் ஐந்து சக்கரம். காரணம் போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது. அந்தப் பெயரிலும் நாற்காலியின் காலுக்குத்தான் கணக்கு இருக்கிறது, உட்காருகிறவரின் காலுக்கு இல்லை.

தமிழ்ப் புனைவில் பெயர்பெற்ற நாற்காலி தோப்பில் முஹம்மது மீரானுடையது. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’யில் முஸ்தபாகண்ணு அதில் சாய்ந்தபடி பூர்வீகப் பெருமையை அசைபோட, வீட்டுப் பொருட்கள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன. ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியாக இதை வாசிப்பதே வழக்கம். மாணவிகளிடம் நான் கேட்பது வேறு: உங்கள் வீட்டில் அப்பாவின் நாற்காலி எது? உடனே பதில் வரும், ஜன்னலோரம், டிவிக்கு நேரே என்று. அம்மாவின் நாற்காலி எது என்றால் வகுப்பு யோசிக்கத் தொடங்கும். யாரோ ஒருத்தி “சமையல்மேடை” என்பாள். சிரிப்பு எழும். அது சரியான பதில்தான். அம்மியும் அரிவாள்மணையும் தரையில் இருந்த காலத்தில் சமையல் முதுகை ஒடித்தது, ஆனாலும் உட்கார்ந்து செய்கிற வேலை அதில் பாதி இருந்தது. மேடை வந்தபோது அதை நவீனம் என்றார்கள். அடுப்பு எழுந்து நின்றது, அவளும் எழுந்து நின்றாள். மேடைக்கு ஏற்ற உயரத்தில் ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்று வீடு கட்டிய எவருக்கும் தோன்றவில்லை.

எழுதுகிற, கணினியில் வேலை பார்க்கிற பெண் தனக்கென்று ஒரு நாற்காலி வாங்கப் புறப்படும்போது இந்த வரலாறும் கூடவே வருகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி, தில்லைநகரிலும் சாலை ரோட்டிலும் ஆறாயிரம் ரூபாய்க்குள் ஒன்று தேடிப் பாருங்கள். முதலில் காதில் விழுவது பெயர்கள்: பாஸ் சேர், எக்ஸிகியூட்டிவ் சேர், ஸ்டாஃப் சேர், விசிட்டர் சேர். உடலைக் கேட்டு வைத்த பெயர் ஒன்றும் இல்லை, எல்லாமே பதவியைக் கேட்டு வைத்தவை. முதுகுச் சாய்வு உயர உயர அதிகாரம் கூடும் என்ற அரசவைக் கணக்கு ரெக்ஸின் உறையோடு இன்றும் நடக்கிறது. இந்த வரிசையில் ‘எர்கோனாமிக்’ என்பது இப்போது இன்னொரு பட்டம். வலைத்துணி முதுகும் ஒரு தலைச்சாய்வும் இருந்துவிட்டால் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தச் சொல் உண்மையில் கேட்பது யார் உடலுக்கு யார் அளவு என்பதை. அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் 1955இல் வெளியிட்ட நூலில் ஜோ, ஜோசஃபின் என்று ஓர் ஆணையும் பெண்ணையும் அளவுப்படமாக வரைந்து, பொருள் இவர்களுக்குப் பொருந்த வேண்டும் என்றார். நம் உடல்களின் அளவுகளைத் தேபகுமார் சக்கரவர்த்தி தொகுக்க, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் நூலாக்கியது. ஆகவே அளவே இல்லை என்று யாரும் கைவிரிக்க முடியாது. ஆனாலும் மலிவு நாற்காலி நம்மை அளந்து வருவதில்லை.

இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் பாதத்திலிருந்து முழங்காலின் அடிப்புறம் வரை 38, 39 சென்டிமீட்டர் இருக்கும். குறைந்த விலை நாற்காலிகள் பலவற்றை முழுக்க இறக்கினாலும் இருக்கை 44, 45இல் நின்றுவிடுகிறது. ஷூ போட்டு அலுவலகத்தில் உட்காரும் ஆணுக்கு இது சரியாக வரும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு வேலை பார்க்கிற பெண்ணுக்கோ பாதம் தொங்கும், தொடையின் அடிப்புறம் அழுந்திக் கால் மரக்கும். தரையைத் தொட அவள் முன்னால் நகர்ந்து விளிம்பில் உட்காருவாள். காசு கொடுத்து வாங்கிய முதுகுச் சாய்வு அப்போது வெறும் காற்றுக்குத்தான் சாய்வு. தலைச்சாய்வு அவள் உச்சந்தலைக்குப் பின்னால் எதையோ தாங்கிக்கொண்டிருக்கும். மாலையில் இடுப்பு வலித்தால் ‘வயசாகுது’ என்பார்கள். மருத்துவமும் வீடும் சேர்ந்து பெண்ணுடலின் மேல் ஏற்றும் பழிகளில் இது மிக மலிவானது.

ஆகவே விலைச்சீட்டைப் பார்க்கும் முன் அளவு நாடாவை எடுங்கள். இருக்கை எவ்வளவு தாழ இறங்குகிறது? முதுகை ஒட்டி உட்கார்ந்தால் முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடம் இருக்கிறதா? கைப்பிடி தோளை மேலே தூக்குகிறதா, மேசைக்கு அடியில் நுழைகிறதா? கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உயரம் குறைந்த பெண்ணுக்கு பாஸ் சேரைவிட ஸ்டாஃப் சேர்தான் பெரும்பாலும் பொருந்துகிறது, விலையும் குறைவு. படிநிலையை இப்படியும் கவிழ்க்கலாம். அலுவலகங்கள் காலிசெய்த பழைய நல்ல நாற்காலி கிடைத்தால் புதிய மட்டமான ஒன்றைவிட அதுவே மேல். ஏற்றி இறக்கும் சிலிண்டரைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் சரியாகி உயரம் மட்டும் இடித்தால் காலடியில் ஒரு மணைப்பலகை போதும். அம்மாவின் மணை வீட்டில் எங்காவது கிடக்கும்.

இவ்வளவு நேரமும் நாற்காலிகளை இழுத்துப்போட்டு, லிவரைத் தூக்கி இறக்கிக் காட்டுகிற பெண் நின்றுகொண்டேதான் இருக்கிறாள். விற்கும் பொருள் நாற்காலி, உட்காரத் தடை! சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் என்.எஸ்.பி. ரோட்டிலும் சேலை விரிக்கிற பெண்களைக் காலையில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை பாருங்கள். உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இதை மாற்றியதில் கேரளத்துப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய விஜியின் ‘பெண்கூட்டு’ உட்காரும் உரிமையையும் கேட்டது. அதற்கு ‘இரிக்கல் சமரம்’ என்றே பெயர் வந்தது. 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவு 2021இல் சேர்ந்தது. பிரிட்டனிலோ 1899இலேயே, கடையில் பெண் ஊழியர் மூவருக்கு ஓர் இருக்கை என்று சட்டம் எண்ணிக்கை சொல்லிவிட்டது.

நம் பிரிவை ஒரு பனுவலாக வாசிக்கிறேன். ஊழியர் எல்லோருக்கும் தக்க இருக்கை வசதி வேண்டும் என்கிறது. மகிழ்ச்சி. எதற்காக? வேலையின் போக்கில் உட்கார வாய்ப்பு நேர்ந்தால் பயன்படுத்திக்கொள்வதற்காக. அந்த ‘நேர்ந்தால்’ என்ற இடத்தில் வினைக்கு எழுவாய் இல்லை. வாய்ப்பை நேரச் செய்வது யார்? கண்காணிப்பு கேமராவின் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரா? இருக்கைக்கு உரிமை உண்டு, நேரத்துக்கு இல்லை. மணிக்கு இத்தனை நிமிடம் என்று எழுதியிருந்தால் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது. இருந்தாலும் இந்தப் பிரிவை நான் குறைத்து மதிக்கவில்லை. உட்கார்ந்ததற்காகத் திட்டு வாங்கிய பெண் இனி சட்டத்தின் பெயரைச் சொல்லித் திருப்பிக் கேட்கலாம். பெரும்பாலானோருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது என்பது வேறு விஷயம்.

நான் நாற்காலி பார்த்த கடைகளில் ஒன்றில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. ஊழியர்களுக்கு என்றார் முதலாளி. அதன்மேல் பில் புத்தகக் கட்டும், ஒரு சாப்பாட்டுப் பையும், பேக்கிங் டேப்பும் இருந்தன.