றப்பர் ஒக்டோபஸும் நாடிழந்த விஞ்ஞானியும்

மலிவான பூதப் படங்களைப் பற்றி எழுதுபவர்கள் ஒன்றில் பரிகாசம் செய்கிறார்கள், அல்லது அந்தப் பரிகாசத்துக்கு எதிராக வலிந்து புகழ்கிறார்கள். எமக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. எட் வூட் இயக்கி 1955இல் வெளியான 'பிரைட் ஒஃப் த மொன்ஸ்ரர்' ஒரு மோசமான படம். அதை நாம் மூன்று தடவை பார்த்திருக்கிறோம். ஏன் பார்த்தோம் என்பதைத்தான் எழுத முயல்கிறோம்.

முதற்தடவை ரொறன்ரோவில். பழைய வீடியோக் கசற்றுகளைக் குவித்து வைத்து விற்ற கடையொன்றின் பெட்டியிலிருந்து எடுத்து வந்தோம். இரவு வேலை முடிந்து வந்த நாலு பேர், ஒரே அறை. இப்படியான படங்களில் எமக்கிருந்த பெரிய வசதி மொழி தேவைப்படாமைதான். யார் கெட்டவன், யார் அடுத்ததாகச் சாகப்போகிறான் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

கதையில் அதிகமில்லை. சதுப்பு நிலத்தின் நடுவே பழைய வீடொன்றில் ஒளிந்திருக்கும் விஞ்ஞானி வோர்னொஃப், மனிதரைப் பிடித்து அணுசக்தி பாய்ச்சி அதிமனிதராக்கப் பார்க்கிறார். பிடிபட்டவர்கள் செத்துப்போகிறார்கள். கதிர் பாய்ச்சும் கருவி, புகைப்படக்காரர் இருட்டறையில் பாவிக்கும் என்லாஜர். காவலுக்கு ஒரு ராட்சத ஒக்டோபஸ். எங்கள் கரையோரச் சனம் பேய்க்கணவாய் என்று சொல்லுகிற சாதி. கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் உண்மையான ஒக்டோபஸை முதலில் காட்டுகிறார்கள். அடுத்த கணம் தண்ணீரில் கிடப்பது றப்பர் பொம்மை. அதை அசைக்க மோட்டார் இல்லை. ஆகவே அகப்பட்டவரே அதன் கைகளைத் தூக்கித் தன்னைச் சுற்றிக்கொண்டு, தானே அலறி, தானே சாகவேண்டியிருக்கிறது. அன்று நாம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தச் சிரிப்பில் குரூரம் இருக்கவில்லை என்றே நினைக்கிறோம். பணமுள்ள படம் தன்னைச் செய்தவர்களின் பாட்டை மூடிவிடும். இவற்றில் மூடுவதற்குக் காசில்லை. 1953இல் பில் ரக்கர் எடுத்த 'ரோபோ மொன்ஸ்ரர்' படத்தில் ரோபோவுக்கு உடுப்புத் தைக்க வசதியிருக்கவில்லை. சொந்தமாகக் கொரில்லா உடுப்பு வைத்திருந்த ஒரு நடிகரைப் பிடித்து, சுழியோடியின் தலைக்கவசம் போன்ற ஒன்றை மாட்டி, அன்ரெனாவும் வைத்துவிட்டார்கள். உலகத்தை அழிக்க வந்த பூதம் வெயிலில் மேடேறி இறங்கும்போது, உள்ளே இருக்கும் மனிதனுக்கு வியர்க்குமே என்றுதான் மனம் போகிறது. பயம் வராத இடத்தில் இப்படியொரு பரிவு வருகிறது.

வோர்னொஃப் ஆக நடித்தவர் பேலா லுகோசி. ஒரு காட்சியில், அவருடைய சொந்த நாட்டிலிருந்து ஒருவர் அவரைத் தேடி வருகிறார். உங்கள் ஆராய்ச்சி இப்போது எங்களுக்கு வேண்டும், வீட்டுக்குத் திரும்பி வாருங்கள் என்கிறார். வோர்னொஃப் மறுக்கிறார். இருபது வருடங்களுக்கு முன் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டதையும், மனைவியையும் மகனையும் பிரிந்ததையும் சொல்கிறார். தனக்கு வீடு என்று ஒன்றில்லை என்கிறார். நாம் சிரிப்பதை நிறுத்திய இடம் இது. அவருடைய ஆங்கிலம் எமக்கு விளங்கியது. சொல் சொல்லாக, இடைவெளி விட்டு, வேற்று மொழிக்காரன் பேசுகிற ஆங்கிலம்.

லுகோசியின் வாழ்க்கை பற்றி அப்போது எமக்குத் தெரியாது. அவர் 1882இல் லுகோஷ் என்ற ஊரில் பிறந்தவர். ஹங்கேரியில் நடிகர் சங்கத்தை அமைப்பதில் முன்னின்றார். 1919இல் பேலா குன்னின் ஆட்சி கவிழ்ந்ததும் தப்பியோடினார். வியன்னா, பேர்லின், பிறகு 1920இன் முடிவில் அமெரிக்கா. பிறந்த ஊரே ருமேனியாவுக்குள் போய்விட்டது. ஆங்கிலம் சரிவரத் தெரியாத ஆரம்ப நாட்களில் வசனங்களை வெறும் ஒலிகளாக மனனம் செய்து நடித்தார் என்று சொல்லப்படுகிறது. 1931இன் 'ட்ராகுலா' அவரைப் புகழேற்றியது. அதே உச்சரிப்பு அவரைப் பேய்களுக்கும் பைத்தியக்கார விஞ்ஞானிகளுக்கும் மட்டும் உரியவராக ஒதுக்கியும் வைத்தது. 1953இல் மணமுறிவு, ஒரே மகனும் தாயோடு போனான். எட் வூட்டின் படத்தில் நடித்தபோது அவருக்கு வயது 72. போதைப் பழக்கத்திலிருந்து விடுபட 1955இல் தாமாகவே மருத்துவமனையில் சேர்ந்தார். அடுத்த வருடம் ஓகஸ்ற்றில் இறந்தார்.

வசனத்தை எழுதியவர்கள் இதையெல்லாம் எண்ணித்தான் எழுதினார்களா என்பது எமக்கு முக்கியமில்லை. வசதியான ஸ்ரூடியோ ஒன்று இந்த வேடத்துக்கு அவரைக் கூப்பிட்டிருக்காது. கூப்பிட்டிருந்தாலும் அந்த நீண்ட பேச்சைக் கத்தரித்திருக்கும். எட் வூட்டுக்குக் கத்தரிக்கத் தெரியவில்லை. அவருடைய கைப்பழக்கமின்மையினால் ஒரு கிழவர் தன் சொந்தக் கதையை, தனதென்று சொல்லாமலே, கமெரா முன் சொல்ல முடிந்தது.

1980இல் மெட்வெட் சகோதரர்களின் நூலொன்று எட் வூட்டை எல்லாக் காலத்துக்குமான மிக மோசமான இயக்குநர் என்று முடிசூட்டியது. 1993இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இந்தப் படத்தை ஓடவிட்டு வரிக்கு வரி நையாண்டி செய்தது. றப்பரைப் பார்த்துச் சிரிப்பதில் எமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் லுகோசியின் உச்சரிப்பைப் பேசிக் காட்டுவது ஆங்கிலம் பேசும் உலகில் பழகிப்போன பகிடி. தொலைபேசியில் இரண்டு தடவை 'பார்டன்?' கேட்கப்பட்டவர்களுக்கு அந்தப் பகிடி அவ்வளவாகச் சுவைக்காது. ரிம் பேர்ட்டன் 1994இல் எடுத்த 'எட் வூட்' இந்த இடத்தில் நியாயமாக நடந்துகொள்கிறது. அதில் லுகோசியாக வரும் மார்ட்டின் லண்டோ அதே பேச்சைத் தெருவோரத்திலும் ஒரு தடவை பேசுகிறார்; நின்றவர்கள் கை தட்டுகிறார்கள். லண்டோவுக்கு ஒஸ்கார் கிடைத்தது. ஆனாலும் அழகாக ஒளியமைத்த அந்தக் காட்சியைவிட, ஓவியம் தீட்டிய கல்லுச்சுவர் முன்னால் லுகோசியே பேசுகிற மூலக்காட்சிதான் எமக்குப் பெரிது.

கடைசியாகப் பார்த்தது இந்த வருடம், இங்கு பிறந்த பிள்ளைகளோடு. கடைசியில் வோர்னொஃப்பும் அதே ஒக்டோபஸின் பிடிக்குள் விழுகிறார். மின்னல் அடிக்க எல்லாமே அணுக்குண்டுப் புகையாகிறது. பிள்ளைகள் கதிரையிலிருந்து விழுந்து சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.