மூன்று ரொட்டியும் ஒரு கலைக்களஞ்சியமும்

இப்னு பதூதாவை நமது வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1344இல் அவர் புத்தளம் வந்ததையும், ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துக்களைக் கொடுத்து, பல்லக்கும் ஆட்களும் சேர்த்துப் பாவாதமலைக்கு அனுப்பிவைத்ததையும் நாம் பெருமையோடு சொல்லிவருகிறோம். அதே மனிதர் எட்டு வருடம் கழித்து, 1352இல், சஹாராவைக் கடந்து மாலிப் பேரரசுக்குப் போனார். அங்கே ஆட்சியிலிருந்தவர் மன்ஸா சுலைமான். அரசரிடமிருந்து அன்பளிப்பு வருகிறது என்று விருந்தாளிக்கு அறிவித்தார்கள். உடுப்பும் பணமும் வரும் என்று எதிர்பார்த்தவர் முன் வந்து சேர்ந்தவை மூன்று ரொட்டி, ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுவைத் தயிர். மனிதர் சிரித்துவிட்டார். பிறகு அரசரின் முகத்துக்கு நேரே முறைப்பாடு சொல்லி, வீடும் பொன்னும் வாங்கிக்கொண்டார். புறப்படும்போது இன்னும் நூறு மித்கால் பொன் கிடைத்தது. ஆனாலும் கிதாபில் சுலைமான் கஞ்சன்தான்.

அதே கிதாபில் மாலியின் நீதியும் வழிப்பயணப் பாதுகாப்பும் மனந்திறந்து புகழப்படுகின்றன. பிள்ளைகள் குர்ஆனை மனனம் செய்து முடிக்கும்வரை விலங்கிட்டு வைப்பார்கள் என்ற செய்தியும் உண்டு. இருந்தும் ஒட்டிக்கொண்டது மூன்று ரொட்டிதான். சுலைமான் தரப்பில் என்ன சொன்னார்கள், அந்த நாட்டு வழக்கத்தில் அந்த உணவுக்கு என்ன மதிப்பு என்பதையெல்லாம் யாரும் ஏட்டில் எழுதி நம் கையில் தரவில்லை.

ஆபிரிக்கர்களே, இணையக் கலைக்களஞ்சியத்தில் வந்து எழுதுங்கள், உங்கள் கதையை நீங்களே சொல்லுங்கள் என்ற அழைப்பைக் கேட்கும்போதெல்லாம் இந்த ரொட்டிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அழைப்பு நல்ல அழைப்பு. காரணமும் உண்டு. விக்கிப்பீடியா 2001இல் தொடங்கி எட்டு வருடங்களின் பின் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் மார்க் கிரஹாம் அதன் கட்டுரைகளை உலக வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். பனிக்கட்டியும் பென்குவினும் மட்டுமுள்ள அந்தாட்டிக்காவைப் பற்றிய கட்டுரைகள், ஆபிரிக்க நாடுகளில் ஒன்றைத் தவிர மற்ற எந்த நாட்டைப் பற்றிய கட்டுரைகளையும்விட அதிகமாக இருந்தன. குடியிருக்க ஆளில்லாத கண்டத்துக்கு இருந்த இடம் கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாடுகளுக்கு இருக்கவில்லை. அதன் பிறகு 2014 முதல் ‘விக்கி லவ்ஸ் ஆப்ரிக்கா’ படப் போட்டி நடக்கிறது. 2018இல் கேப் டவுனிலும் 2025இல் நைரோபியிலும் விக்கிமேனியா மாநாடு கூடியது. ஆட்களும் சேர்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ‘ஆள் வந்தால் சரியாகிவிடும்’ என்ற அந்த நம்பிக்கையைத்தான் கேள்வி கேட்கிறேன்.

இந்த ஆசை இணையத்தோடு பிறந்ததுமல்ல. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் 1909இலேயே ‘என்சைக்ளோபீடியா ஆப்ரிக்கானா’ என்றொரு கலைக்களஞ்சியத்தைத் திட்டமிட்டவர். அரை நூற்றாண்டு காத்திருந்து, குவாமே நிக்ரூமாவின் அழைப்பில் 1961இல் கானாவுக்குக் குடிபெயர்ந்து, ஆபிரிக்க அறிஞர்களைக் கொண்டே அதை எழுதுவிக்கப் பாடுபட்டார். 1963 ஓகஸ்டில் அக்ராவில் தொண்ணூற்றைந்து வயதில் காலமானபோது வேலை முடிந்திருக்கவில்லை. அதே 1963இல்தான் ஒக்ஸ்போர்ட் வரலாற்றுப் பேராசிரியர் ட்ரெவர்-ரோப்பர், ஆபிரிக்காவுக்கு வரலாறு என்று ஒன்று இல்லை, அங்குள்ள ஐரோப்பியரின் வரலாறுதான் இருக்கிறது என்ற கருத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். அடுத்த வருடம் யுனெஸ்கோ ஆபிரிக்காவின் பொது வரலாற்றை எழுதத் தீர்மானித்தது. எட்டுத் தொகுதிகள். எட்டாவது தொகுதியின் ஆசிரியர் மொம்பாசாவில் பிறந்த நம் சகோதரர் அலி மஸ்ரூயி.

அந்த வரலாற்றின் முதல் தொகுதி 1981இல் வெளிவந்தது. அதில் மாலி நாட்டு அறிஞர் அமாது ஹம்பாத்தே பா, வாய்மொழி மரபு பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதினார். வாய்மொழியையும் சான்றாகக் கொள்ளலாம், அதைச் சோதிக்க முறைகள் உண்டு என்பதை யுனெஸ்கோவின் அறிஞர் குழாம் அன்றே ஏற்றுக்கொண்டது. இருபது வருடம் கழித்து வந்த இணையக் கலைக்களஞ்சியம், எல்லோரும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டு, இந்த விடயத்தில் மட்டும் பழைய நூலகரைப் போல நடந்துகொள்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம்; ஆனால் ஏற்கெனவே அச்சில் வந்ததைத்தான் எழுதலாம். அதுவும் நம்பத்தகுந்ததென்று மற்றத் தொகுப்பாளர்கள் ஒப்புக்கொள்கிற அச்சாக இருக்கவேண்டும்.

2010இல் கென்யாவில் ‘மக்மெண்டே’ என்றொரு கற்பனை வீரன் கிளம்பினான். ‘ஜஸ்ட் எ பேண்ட்’ என்ற நைரோபி இசைக்குழுவின் காணொளியில் வந்தவன். நாடு முழுக்க இவனைப் பற்றிய பகிடிகள். நைரோபிப் பிள்ளைகள் பல வருடம் முன்பிருந்தே பாவித்த சொல் அது. விக்கிப்பீடியாவில் இவனைப் பற்றிய கட்டுரையை ஏற்றினார்கள், நீக்கினார்கள், திரும்ப ஏற்றினார்கள், திரும்பவும் நீக்கினார்கள். ஒரு நாடே அறிந்த பெயர், நீக்கியவருக்குத் தெரியாத பெயர். பெரிய வாக்குவாதத்தின் பிறகுதான் கட்டுரை தங்கியது. இங்கே கென்யர்கள் எழுதத்தான் செய்தார்கள். எழுதியது நிற்கவில்லை. இதற்கு ‘வந்து எழுதுங்கள்’ என்ற அழைப்பில் என்ன பதில் இருக்கிறது?

2011இல் பெங்களூரைச் சேர்ந்த அச்சல் பிரபாலா ஒரு மாற்றுவழியை முயன்று பார்த்தார். இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் கிராமங்களுக்குப் போய், மக்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே மலையாளம், ஹிந்தி, செபெடி மொழிக் கட்டுரைகளுக்குச் சான்றாகக் கொடுப்பது. மரூலாப் பழத்தில் பானம் செய்யும் முறையை அதைச் செய்கிற பெண்களைவிட எந்தப் புத்தகம் நன்றாகச் சொல்லும்? ஆனால் ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்த முறை வேரூன்றவில்லை. இது சொந்த ஆய்வு, சொந்த ஆய்வுக்கு இங்கே இடமில்லை என்பதே வாதம்.

இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்போம். இப்னு பதூதாவின் ரிஹ்லா, அவர் தன் கையால் எழுதிய நூலல்ல. மொரோக்கோ சுல்தானின் உத்தரவில், அவர் வாயால் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதியது. மன்ஸா மூஸாவின் ஹஜ் பயணத்தைப் பற்றி நாம் மேற்கோள் காட்டும் அல்-உமரியோ மாலிப் பக்கம் போனவரே அல்லர். கெய்ரோவில் மூஸாவைக் கண்டவர்களிடம் கேட்டு எழுதினார். சுன்ஜாத்தாவின் காவியத்தை கினியா நாட்டு வரலாற்றாசிரியர் நியான், மாமது கூயாத்தே என்ற பாணரிடம் கேட்டு 1960இல் பாரிஸில் அச்சிட்டார். அந்தப் பாணர் ஊரிலிருந்து சொன்னவரை அது ‘கதை’. பாரிஸில் அச்சானதும் ‘ஆதாரம்’. எல்லாம் கேட்டு எழுதியதுதான். வித்தியாசம் என்னவென்றால், எப்போது, எந்த ஊரில், யார் செலவில் அச்சாகியது என்பது மட்டுமே.

வாய்மொழி என்றாலே நம்பத்தகாதது என்ற பேச்சு நமக்கு இன்னும் விசித்திரமாகப் படவேண்டும். யார் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, சொன்னவரின் நேர்மை என்ன, ஞாபகசக்தி எப்படி என்று அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்த ஒரு கல்வித்துறையின் வாரிசுகள் நாம். அந்த உஸ்தாத்மார்கள் வாய்மொழியைத் தூக்கி எறியவுமில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவுமில்லை.

கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதன் ஆபத்தையும் சொல்லத்தான் வேண்டும். ‘நியாயமான சித்திரிப்பு’ என்றால் புகழ்பாடுவது என்று எங்கட ஆக்கள் பலர் விளங்கிக்கொள்கிறார்கள். மன்ஸா மூஸாதான் உலக வரலாற்றின் மிகப் பெரிய பணக்காரர், நானூறு பில்லியன் டொலர் சொத்து என்று கைபேசியில் ஒரு செய்தி சுற்றுகிறதே, அந்தத் தொகையின் ஊற்று எது? பிரபலங்களின் சொத்தைக் கணக்குப்போடும் ஒரு வணிக இணையத்தளம், 2012இல். பதினான்காம் நூற்றாண்டு அரசனின் பொன்னை டொலரில் நிறுக்கிற தராசு அவர்களுக்கு எங்கே கிடைத்ததோ! பெரிய ஊடகங்கள் எடுத்துப் போட்டதால் அதுவும் ‘அச்சில் வந்த’ செய்தியாகிவிட்டது.

இன்னொன்று நம் மேடைகளுக்கு மிகவும் பிரியமானது: 859இல் பாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி ஃபெஸ் நகரில் கரவிய்யீனைக் கட்டினார் என்பது. அவரைப் பற்றிய முக்கிய மூலம் பதினான்காம் நூற்றாண்டின் இப்னு அபீ ஸர்உ. அதாவது சுமார் ஐந்நூறு வருடம் பிந்தியது. அந்தப் பள்ளிவாசலிலேயே கிடைத்த பழைய கூஃபி எழுத்துக் கல்வெட்டு, கட்டியவராக தாவூத் இப்னு இத்ரீஸின் பெயரைக் காட்டுகிறது. விக்கிப்பீடியாக் கட்டுரை இந்தச் சந்தேகத்தையும் பதிகிறது. அதை நீக்கு என்று கோபிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். சான்று கேட்கிற விதி இங்கே தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. எனவே விதியைத் தூக்கி வீசு என்பதல்ல என் வாதம். ஒரு வணிக இணையத்தளத்தின் ஊகம் ஊடகங்கள் வழியாக உள்ளே நுழையக்கூடிய இடத்தில், தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி பெற்ற பாணர் வெளியே நிற்கிறார் என்றால், விதியின் அளவுகோல் கோணல் என்பதே.

தொழில்நுட்பத் தடைகளும் உண்டு; சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆபிரிக்காவில் பெரும்பாலானோர் கைபேசியில்தான் இணையம் பார்க்கிறார்கள். ஒரு கம்பனியின் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் வெளியே ஒரே முகவரியில் தெரிவார்கள். எவனோ ஒருத்தன் விஷமம் செய்ய, அந்த முகவரியே தடைசெய்யப்படும். அக்ராவிலோ லாகோஸிலோ பயிற்சிப் பட்டறைக்கு வந்து முதல் வரியை எழுத உட்கார்ந்தவருக்குத் திரையில் தெரிவது தடை அறிவித்தல். அழைப்பிதழும் கொடுத்து வாசலில் பூட்டும் போட்ட மாதிரி. எண்ணிக்கையைக் காட்டி ஆறுதல் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எகிப்தியப் பேச்சரபு விக்கிப்பீடியாவில் 16 இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தானியங்கி நிரல் உற்பத்தி செய்த ஒன்றிரண்டு வரிகள். வாசிக்க அதில் ஒன்றுமில்லை.

ஆகவே கட்டுரை எழுதும் பட்டறைக்கு முன்னால் வேறு வேலை இருக்கிறது. சொக்கோட்டோவின் நானா அஸ்மாவை (1793–1864) எடுத்துக்கொள்வோம். உஸ்மான் தன் ஃபோதியோவின் மகள். அரபு, ஃபுல்ஃபுல்தே, ஹவுஸா மூன்றிலும் கவி பாடியவர். ‘யன் தாரு’ என்று ஆசிரியைகளை உருவாக்கி, கிராமத்துப் பெண்களிடம் கல்வியைக் கொண்டுபோனவர். அவரைப் பற்றி இன்று எழுதுபவர் எல்லோரும் நாடுவது ஜீன் பாய்ட் என்ற பிரித்தானியப் பெண்மணி, பெவர்லி மாக்கோடு சேர்ந்து 1997இல் மிச்சிகனில் வெளியிட்ட தொகுப்பை. அந்த அம்மையாரின் உழைப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். சொக்கோட்டோக் குடும்பங்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஏடுகளை நம்பிக்கை பெற்று வாசித்தவர் அவர். ஆனால் சொக்கோட்டோவில் இருந்துகொண்டு, உம்மா சொல்லக் கேட்டு அஸ்மாவின் கவியை மனனம் செய்த ஒரு பெண், தன் ஊர் அறிஞரைப் பற்றி ஹவுஸா மொழியில் ஒரு வரி எழுத மிச்சிகன் புத்தகத்தின் பக்க எண்ணைத் தேடவேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணின் உம்மாவிடம் இருப்பதைப் பதிவு செய்து, யார் வழியாக வந்தது என்று வரிசையையும் குறித்து, சொக்கோட்டோவிலேயே அச்சிடட்டும். அங்குள்ள உஸ்மான் தன் ஃபோதியோ பல்கலைக்கழகமோ வேறு எவரோ அதைச் செய்யட்டும். பக்க எண் கேட்பவர்களுக்கு அதைக் காட்டலாம்.