கெவின் கான்ராயின் மூன்றாவது குரல்

பேட்மேனாக நடித்தவர்களில் யார் பெரியவர் என்று பேச்சு எழுந்தால் மைக்கேல் கீட்டன், கிறிஸ்டியன் பேல், ராபர்ட் பாட்டின்ஸன் என்று மூன்று பெயர்களோடு முடித்துக்கொள்கிறார்கள். கெவின் கான்ராய் பெயரைச் சொன்னால், ‘அது கார்ட்டூன் ஆயிற்றே’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1992இல் ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடரில் தொடங்கி, 2022இல் தம் 66ஆம் வயதில் மறையும்வரை ஒரே பாத்திரத்தைத் தொண்டையில் சுமந்த மனிதர் அவர். முகம் தெரியவில்லை என்பதற்காக அவரை விட்டுவிடும் பட்டியலை என்னால் ஏற்க முடியாது. எனக்கு அவர்தான் பேட்மேன். மற்றவர்களெல்லாம் அவருக்குப் பிறகு.

அவரைக் கொண்டாடுகிறவர்களும் பெரும்பாலும் ஒன்றையே சொல்கிறார்கள்: ப்ரூஸ் வெய்னுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு ஒரு குரல். சரிதான். விருந்துகளில் வழியும் பணக்காரப் பிள்ளையின் லேசான பேச்சும், கூரை விளிம்பிலிருந்து இறங்கும் அந்தக் கனத்த பேச்சும் ஒரே ஆளுடையவை என்று நம்புவது கடினம். ஆனால் நான் காத்திருப்பது மூன்றாவது குரலுக்கு. குகைக்குத் திரும்பி, முகமூடியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பணியாளர் ஆல்ஃப்ரெடிடம் பேசும்போது வருவது. கனம் அப்படியே இருக்கும், மிரட்டல் போயிருக்கும். அதற்குள் களைப்பு தெரியும். ஆல்ஃப்ரெட் குத்தலாக ஒன்று சொல்ல, இவர் ஒற்றைச் சொல்லில் பதில் தருவார். அந்தச் சொல்லில் பாதி எரிச்சல், பாதி பாசம். முதல் இரண்டு குரல்களும் ஊருக்காக. இது ஒன்றுதான் அவனுடையது. கனத்த குரலே இவனுடைய இயல்பு, உல்லாசப் பேச்சுதான் வேஷம் என்று கான்ராய் புரிந்துவைத்திருந்ததால்தான் மந்தர ஸ்தாயியில் எவ்வளவு நேரம் நின்றாலும் அவரிடம் சிரமம் கேட்பதில்லை.

‘பெர்சான்ஸ் டு ட்ரீம்’ அத்தியாயத்தை இந்தக் காதோடு மறுபடி கேளுங்கள். ப்ரூஸ் கண்விழிக்கிறான், அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருக்கிறார்கள், பேட்மேன் வேறு யாரோ. அதில் ப்ரூஸும் கான்ராய், அந்த இன்னொரு பேட்மேனும் கான்ராய், அப்பா தாமஸ் வெய்னும் கான்ராய். தகப்பனும் மகனும் பேசும் காட்சியில் ஒரே தொண்டைதான் இருபுறமும் பேசுகிறது. அப்பாவின் குரலில் மகனுக்குக் கிடைக்காமல் போன நிதானம் இருக்கிறது. பெற்றோர் குண்டடி படாமல், தான் வஞ்சம் வளர்க்காமல் வயதாகியிருந்தால் ப்ரூஸ் இப்படித்தான் பேசியிருப்பான் என்று தோன்றவைக்கும் நிதானம். கடைசியில் கனவை உடைத்துக்கொண்டு வந்து, அதைப் பின்னிய வில்லன் மேட் ஹேட்டரை உலுக்கி ‘ஏன்?’ என்று கேட்கும் இடத்தில் வெறும் கோபம் மட்டும் இல்லை. பெற்றோரை இரண்டாம் முறை பறிகொடுத்தவனின் ஆற்றாமையும் இருக்கிறது. ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’தான் தொடரின் சிகரம் என்பார்கள். பால் டினியின் எழுத்துக்கு எம்மி கிடைத்தது நியாயமே; வில்லனாகப் பேசிய மைக்கேல் அன்சாராவின் உறைந்துபோன குரலும் மறக்கக்கூடியதில்லை. ஆனாலும் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் கனவைத்தான் எடுப்பேன்.

1993இல் வந்த ‘மாஸ்க் ஆஃப் த ஃபான்டாஸம்’ படத்தில் கல்லறைக் காட்சி இன்னொரு உச்சம். மழையில் நனைந்தபடி, கொடுத்த வாக்கிலிருந்து விடுவிக்கும்படி பெற்றோரிடம் ப்ரூஸ் மன்றாடுகிறான். சந்தோஷம் வந்து சேரும் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை. வந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை பேட்மேன் படங்களில் இதற்கு ஈடான நடிப்பு எனக்குத் தென்படவில்லை. திரையரங்குகளில் அந்தப் படம் தோற்றுப்போனதை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

ஜூலியர்டில் பயின்று ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நின்ற மேடைக்காரர் கான்ராய். ஆனால் பயிற்சி மட்டுமே இதைத் தந்துவிடாது. 2022இல் அவரே எழுதிய ‘ஃபைண்டிங் பேட்மேன்’ என்ற சிறு காமிக்ஸைப் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைத்தே தொழில் செய்யவேண்டியிருந்த காலம், எய்ட்ஸுக்குப் பலிகொடுத்த நண்பர்கள், மனநோயில் துன்பப்பட்ட சகோதரர். வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு முகம் என்று வாழ்கிற ஒருவனைப் பற்றி அவரிடம் சொல்லி, குரல் தேர்வுக்கு நிறுத்தியபோது, அது அவருக்கு அந்நியமான கதையாகவே இல்லை.

இயக்குநர் நோலனின் ரசிகர்கள் பேலின் கரகரப்புக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள்: அடையாளம் தெரியாமலிருக்கக் குரலை மாற்றத்தானே வேண்டும்? மாற்றட்டும். ஆனால் ‘த டார்க் நைட்’டில் நீண்ட வசனம் வரும்போதெல்லாம் எனக்கு அர்த்தத்துக்கு முன்னால் தொண்டைதான் கேட்கிறது. பயமுறுத்தக் கத்த வேண்டியதில்லை. பாட்டின்ஸன் கிட்டத்தட்டக் கிசுகிசுத்தே 2022 படத்தை ஓட்டினார்; அவரிடம் எனக்கு மரியாதை உண்டு.

‘ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்’ தொடரின் ‘எபிலாக்’ அத்தியாயம் இதற்கெல்லாம் பதில். சாகப்போகும் ஏஸ் என்ற சிறுமியைக் கொல்லும் ஆயுதத்தோடு பேட்மேனை அனுப்புகிறார்கள். அவன் அதைப் பயன்படுத்தமாட்டான் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. பயமாக இருக்கிறது, கூட இருப்பாயா என்கிறாள், இருக்கிறான். முகமூடி முகத்தில் இருக்கும்போதே அந்த மூன்றாவது குரல் அங்கே வெளியே வருகிறது. கான்ராயைத் தவிர யாராலும் முடியாத இடம்.

அந்த முதல் தொடருக்காக எரிக் ராடோம்ஸ்கி கறுப்புத் தாளில் தீட்டிய காதம் நகரத்தையும், ஷெர்லி வாக்கரின் மேற்பார்வையில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வாத்தியக் குழுவை வைத்து எழுதப்பட்ட இசையையும் பற்றித் தனியே எழுதவேண்டும். இங்கே ஆண்ட்ரியா ரொமானோவைப் பற்றி மட்டும். குரல் இயக்குநரான அவர் நடிகர்களை ஒரே அறையில் சேர்த்துவைத்துப் பதிவுசெய்தார். ஜோக்கரான மார்க் ஹாமில் சிரிக்கும்போது கான்ராய் அதை நேரில் கேட்டுத்தான் வாயைத் திறந்தார். அதனால்தான் இருவரின் வசனங்களும் ஒன்றன்மேல் ஒன்று உரசுகின்றன. இன்று சுவரொட்டிக்கு ஆகும் என்று சினிமா நட்சத்திரங்களைப் பிடிக்கிறார்கள். ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு ஊர் என்று தனித்தனியே பேசவைத்து ஒட்டுகிறார்கள். வசனம் சுத்தமாக வருகிறது. எதிராளி பேசியதைக் கேட்டவன் பேசுவதாக இல்லை. குரல் நடிப்பையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் துணைப் பாத்திரங்களுக்குத் தள்ளப்படுகிறார்கள்.

கான்ராய் போனபின், அவரில்லாமல் ஜோக்கரைத் தொடர்வதில் அர்த்தமில்லை என்று ஹாமில் விலகிக்கொண்டார். புதிய ஜோக்கருக்குக் குரல் தேடுகிறவர்கள், அதற்கு முன்னால் ஜோக்கரையும் பேட்மேனையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் உட்காரவைக்கும் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரட்டும்.